குடைக்காரியைக் காணோம்

வியாழக்கிழமை காலை ஹரிப்பிரியா லேப்டாப்பைத் திறந்தால், அவளுடைய குடைக்காரியைக் காணோம்.

குடைக்காரி நடந்துகொண்டிருந்த தெருவில் ஹூடிச் சட்டை போட்ட ஒரு பையன் ஓடிக்கொண்டிருந்தான். பளபளவென்று இருந்தான். வெள்ளை ஷூ, நெற்றியில் விழுகிற முடி, ஓட்டத்துக்கு ஏற்றபடி வீசுகிற கை. பின்னால் மரங்கள் ஒரு வேகத்திலும் வீடுகள் இன்னொரு வேகத்திலும் நகர்ந்தன. திரையின் மேல் மூலையில் மூன்று சிவப்பு இதயங்கள். வேறெதையோ திறந்துவிட்டோம் என்று நினைத்து, மூடிவிட்டு மறுபடி திறந்தாள். அதே பையன். மேலே இருந்த பெயர் மட்டும் அவள் வைத்த பெயர்தான்: மேக்பை.

மெல்போர்னில் செப்டம்பர் பிறந்தால் மேக்பை என்கிற கறுப்பு வெள்ளைப் பறவைக்குப் பித்துப் பிடித்துவிடும். கூட்டில் குஞ்சு இருக்கிற திமிரில், தெருவில் போகிறவர்களின் மண்டையைப் பார்த்துப் பாயும். கிளென் வேவர்லி ஸ்டேஷனுக்கு நடக்கிற வழியில் அப்படி ஒன்று ஹரிப்பிரியாவைப் போன வருடமும் விடவில்லை, இந்த வருடமும் விடவில்லை. இன்டர்வியூவுக்குப் போகும்போதும் கொத்தியது. ‘லோக்கல் எக்ஸ்பீரியன்ஸ் இல்லையே’ என்று அவர்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு தலையைத் தொங்கப்போட்டுத் திரும்பி வரும்போதும் கொத்தியது. அந்த எரிச்சலில் பிறந்ததுதான் அவள் செய்த மொபைல் ஆட்டம்.

சுடிதார் போட்ட ஒரு பெண், கையில் மடக்கிய குடையோடு ஸ்டேஷனைப் பார்த்து நடப்பாள். பறவை பாயும்போது போன் திரையைத் தொட்டால் குடை விரியும். தொடத் தாமதமானால் கொத்து விழும். விழுந்தாலும் அவள் சாகமாட்டாள். நிற்பாள், கலைந்த கூந்தலைக் கையால் கோதிச் சரிசெய்துகொள்வாள், மறுபடி நடப்பாள். அவ்வளவுதான் ஆட்டம். அந்தக் கூந்தலைச் சரிசெய்கிற அசைவுக்காக மட்டும் ஹரிப்பிரியா எத்தனை படம் வரைந்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஒன்றில் கை தோளைவிட்டுப் பிரிந்து நின்றது. இன்னொன்றில் கூந்தல் மீசையாகிவிட்டது.

திருச்சியில் ஒரு வங்கிக் கிளையில் ஒன்பது வருடம் குப்பை கொட்டியவள். கல்யாணம் ஆகி வந்ததிலிருந்து இங்கே சும்மா இருந்தாள். சும்மா என்றால் சமையல், துணி, வீடு, வேலைக்கு விண்ணப்பம், அதற்கு வராத பதில். குடியிருக்கிற யூனிட்டுகூட கணவன் நரேன் தேர்ந்தெடுத்ததுதான். அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம் நல்ல பள்ளிக்கூடமாம், பிள்ளை பிறந்தால் உதவுமாம். பிறக்காத பிள்ளைக்குப் பள்ளிக்கூட எல்லை பார்த்து வாடகைக்கு வீடு பிடித்த மகாராசன் அவன். நகரத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில் குழுத் தலைவர். கெட்டவன் இல்லை. குடிக்கமாட்டான், குரல் உயர்த்தமாட்டான். ஆனால் அடுத்தவர் ஒரு காரியத்தைச் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவனால் ஆகாது. டிஷ்வாஷரில் தட்டு அடுக்கினாலும் சரி, போனில் பஸ் நேரம் பார்த்தாலும் சரி, ‘தள்ளு, நான் பாக்குறேன்’ என்று வந்துவிடுவான். ஹரிப்பிரியாவும் தள்ளித் தள்ளித்தான் இத்தனை நாள் குடும்பம் நடத்தினாள்.

தள்ளாமல் உட்கார்ந்தது இந்த ஒரு விஷயத்துக்குத்தான். நூலகத்தில் சனிக்கிழமைகளில் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு மொபைல் கேம் செய்யக் கற்றுத்தருகிறார்கள் என்று விளம்பரம் பார்த்துப் போய்ச் சேர்ந்தாள். சொல்லிக்கொடுத்தவர் ஹெலன் என்ற அம்மாள். பக்கத்து நாற்காலியில் யோகா. டண்டினாங் புறநகரிலிருந்து வருகிற இலங்கைக்காரி, முதியோர் இல்லத்தில் சமையலறை வேலை, ஹரிப்பிரியாவைவிடப் பத்து வயது மூத்தவள். முதல் வாரம் முழுக்க இரண்டு பேரும் ஒரு நீலச் சதுரத்தை இடமிருந்து வலம் நகர்த்தத் தலைகீழாக நின்றார்கள். சதுரம் நகர்ந்தபோது யோகா போட்ட கூச்சலில் நூலகக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஹரிப்பிரியாவுக்கு வீட்டில் வேறு எதுவும் கண்ணில் படவில்லை. பறவை பெண்ணைத் தொடுவதற்கு முன்பே கொத்து விழுந்தது. ஏனென்று மண்டையைப் பிய்த்துக்கொண்டதில், அந்தப் பெண்ணைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பெட்டி இருக்கிறது, அது அவள் உருவத்தைவிடப் பெரிதாக இருக்கிறது என்று தெரிந்தது. பெட்டியைச் சுருக்கினாள். குடை விரிய மறுத்தது. குடையைச் சரிசெய்தாள். பறவை அந்தரத்தில் நின்றுவிட்டது. நிரல் வரிகளுக்கு நடுவில் தனக்குத் தானே தமிழில் குறிப்பு எழுதி வைத்தாள்: ‘இங்கே கை வைக்காதே, பறவை நின்றுவிடும்.’ ‘இது ஏன் வேலை செய்கிறது என்று தெரியவில்லை, அப்படியே விடு.’ நீளமான, அசட்டு நிரல்தான். ஆனால் எந்த வரி என்ன செய்கிறது என்று இருட்டில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

வருகிற சனிக்கிழமை நூலகத்தில் எல்லாரும் தங்கள் ஆட்டத்தைப் பெரிய திரையில் போட்டுக் காட்ட வேண்டும். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து ‘நீ என்ன செய்கிறாய்’ என்று யாராவது கேட்டால் ஹரிப்பிரியாவிடம் சொல்ல ஒன்றும் இருந்ததில்லை. சனிக்கிழமை இருந்திருக்கும்.

நரேனுக்குப் போன் போட்டாள்.

“பாத்துட்டியா?” எடுத்ததும் கேட்டான். குரலில் அத்தனை குஷி. “எப்படி இருக்கு? நேத்து வீட்லேர்ந்துதானே வேலை, ரெண்டு மீட்டிங்குக்கு நடுவுல முடிச்சிட்டேன். நீ யோகாவோட கடைக்குப் போயிருந்தல்ல, அதான் சர்ப்ரைஸா இருக்கட்டும்னு.”

“என்னோடது எங்க?”

“அதான் இது. உன் கேம்தான். கொஞ்சம் க்ளீன் பண்ணேன்.”

“குடைக்காரி எங்கங்க?”

“அந்தப் பொம்மையா? சொன்னா கோச்சுக்காத ஹரி, அவ நடக்கிறதப் பாத்தா கால் ஒடிஞ்ச மாதிரி இருந்துச்சு. ரெடிமேடா நல்ல கேரக்டர் கிடைக்குது, எடுத்துப் போட்டுட்டேன். மூணு லைஃப் வச்சிருக்கேன், டைமர் வச்சிருக்கேன். இல்லன்னா யாரு விளையாடுவா?”

“பழச எங்க வச்சிருக்கீங்க?”

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டுகிற சத்தம் நின்றது.

“அது மேலயேதான் பண்ணேன். டிஸ்க்குல இடமே இல்ல, உன் படமெல்லாம் பெருசு பெருசா அடைச்சுக்கிட்டு இருந்துச்சு, தூக்கிட்டேன். ஏன், அத வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போற?”

போனை வைத்தாள். அந்தப் போனில் பழைய ஆட்டம் இருக்குமே என்று திறந்து பார்த்தாள். அங்கேயும் அதே ஹூடிக்காரன் இளித்துக்கொண்டு ஓடினான். ராத்திரி அவள் தூங்கிய பிறகு மனுஷன் அதையும் விட்டுவைக்கவில்லை. ‘நகல் எடுத்து வையுங்கள், நகல் எடுத்து வையுங்கள்’ என்று ஹெலன் வாரா வாரம் கரடியாகக் கத்தியிருந்தார். செய்யலாம் செய்யலாம் என்று இருந்தது தன் தப்புதான் என்று ஹரிப்பிரியாவுக்குத் தோன்றியது. உடனே இன்னும் கோபம் வந்தது. வீட்டுக்குள் திருடன் வருவான் என்றா நகல் எடுத்து வைப்பாள் ஒருத்தி?

அவன் எழுதியிருந்ததைத் திறந்து படித்தாள். சுருக்கமாக, அழகாக, வரிசையாக இருந்தது. ஒரு வரி புரியவில்லை. அவளுடைய தமிழ்க் குறிப்புகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ‘இங்கே கை வைக்காதே’ என்று எழுதியிருந்ததையும் சேர்த்தே துடைத்திருந்தான்.

சாயங்காலம் நரேன் வந்து ஷூவைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

“என்னைக் கேட்டீங்களா?”

“என்னத்தக் கேட்கணும்? நல்லதுக்குத்தானே பண்ணேன். எல்லார் முன்னாடியும் நீ அசிங்கப்படக் கூடாதுன்னு.”

“அசிங்கமா? என்னோடது அசிங்கமா?”

“அப்படிச் சொல்லல. வேற யாராவது செஞ்சு தருவானா சொல்லு. ஊர்ல காசு குடுத்துப் பண்ணிக்கிறானுங்க. உனக்குச் சும்மா கிடைச்சிருக்கு.”

“நான் செஞ்சு தரச் சொல்லலையே! மூணு மாசம் நரேன். உங்களுக்கு ரெண்டு மீட்டிங். எனக்கு மூணு மாசம்.”

“அதான் சொல்றேன், முதல்லயே எங்கிட்டக் கேட்டிருந்தா...”

ஹரிப்பிரியா சோபாவிலிருந்த தலையணையை எடுத்துச் சுவரில் அடித்தாள். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் எதையும் எறிந்ததில்லை. நரேன் ஒரு ஷூவோடு அப்படியே நின்றான்.

“போன மாசம் உங்க ஆபீஸ்ல எவனோ உங்களக் கேக்காம நீங்க எழுதுன கோடுல கை வச்சான்னு நாலு நாள் சோறு எறங்காம உக்காந்திருந்தீங்களே, ஞாபகம் இருக்கா? மரியாதை தெரியாதவன், வளர்ப்பு சரியில்லாதவன்னு என்னெல்லாம் திட்டுனீங்க! நானும் உக்காந்து ஆமா ஆமான்னு கேட்டுக்கிட்டிருந்தேனே!”

“ஹரி, அது வேலை. இது உன்னோட...” அவன் முடிக்கவில்லை. முடிக்காமல் விட்டதே போதுமானதாக இருந்தது.

“சொல்லுங்க. என்னோட என்ன?”

“விடு. சாப்பாடு என்ன?”

சாப்பாடு என்னவாம். அவனுக்கு அன்று தயிர்சாதம்கூடக் கிடைக்கவில்லை. ஹரிப்பிரியா படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை முழுக்க முதலிலிருந்து வரைந்து பார்த்தாள். வரைந்தவள் எவளோ ஒருத்தியாக இருந்தாள், குடைக்காரி இல்லை. போனிலிருந்த ஆட்டத்தை மட்டும், அந்த ஹூடிக்காரன் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்காமல் அழித்தாள். மதியம் யோகாவுக்குப் போன் போட்டு, சனிக்கிழமை தான் வரவில்லை என்றாள். காரணத்தைச் சொல்லச் சொல்ல யோகாவுக்கு மூச்சு வாங்கியது.

“என்னப்பா இது அநியாயம்! உம்மட மனிசனுக்கு விசரே, பைத்தியமே?” என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஓம், உமக்கு விருப்பமில்லைத்தான். எண்டாலும் வீட்டில இராதேயும். ஒண்டும் காட்டாட்டிலும் பரவாயில்லை, வந்து என்ர பக்கத்தில இரும். எனக்குப் பயமாக் கிடக்கு” என்றாள்.

அதற்காகத்தான் ஹரிப்பிரியா போனாள். நரேனைக் கூப்பிடவில்லை. அவனாகக் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு வந்தான், இஸ்திரி போட்ட சட்டையோடு. லேப்டாப் பையை அவனே தோளில் மாட்டிக்கொண்டான். “கோவமெல்லாம் அங்க வச்சுக்காத, போட்டோ எடுக்கணும்” என்றான். ஹரிப்பிரியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நூலகத்தின் கூட்ட அறையில் இருபது முப்பது பேர் இருந்தார்கள். கற்றுக்கொண்டவர்கள் முன்வரிசையில், வீட்டுக்காரர்கள் பின்னால். யோகாவின் ஆட்டத்தில் சட்டிகளும் மூடிகளும் இருந்தன. சரியான சட்டிக்குச் சரியான மூடியைப் போட வேண்டும். தப்பாகப் போட்டால் தரையில் விழுகிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தை வேலையிடத்துச் சமையலறையில் நிஜமாகவே மூடியைக் கீழே போட்டுப் பதிவுசெய்திருந்தாள். அறையே சிரித்தது. பாதியில் ஒரு மூடி அந்தரத்தில் மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. “அதுவும் என்ர வேலையிடத்தில நடக்கிறதுதான்” என்று யோகா ஆங்கிலத்தில் சொன்னாள். இன்னும் பலமாகச் சிரித்துக் கைதட்டினார்கள். யோகா முகமெல்லாம் பல்லாக வந்து உட்கார்ந்தாள். ஹரிப்பிரியாவுக்கு அவளைப் பார்த்துச் சந்தோஷமாக இருந்தது.

ஹெலன் அடுத்து ஹரிப்பிரியாவின் பெயரைக் கூப்பிட்டார். இன்றைக்கு என்னிடம் ஒன்றுமில்லை என்று சொல்ல அவள் வாய் திறப்பதற்குள், நரேன் விறுவிறுவென்று முன்னால் வந்து லேப்டாப்பைத் திறந்து, வயரைச் செருகி, ஆட்டத்தை ஓடவிட்டு, அவளைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் பின்வரிசைக்குப் போனான்.

ஹூடிக்காரன் சுவர் உயரத்துக்கு ஓடினான். பறவை வழுக்கிக்கொண்டு இறங்கியது. அறையில் ‘வாவ்’ என்று ஒரு முணுமுணுப்பு எழுந்தது. ஹெலன் கண்ணாடியை மேலேற்றிக்கொண்டு பார்த்தார்.

“பெரிய மாற்றம் ஹரி” என்றார் ஆங்கிலத்தில். “போன வாரம் நான் பார்த்தது இது இல்லையே. பறவை இவ்வளவு வழுவழுப்பாக இறங்குகிறதே, எப்படிச் செய்தாய்? எல்லாருக்கும் கொஞ்சம் சொல்லேன்.”

சொல்ல என்ன இருக்கிறது? ஹரிப்பிரியா எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனாள். பின்னாலிருந்து நரேன் சொன்னான். அழகான ஆங்கிலத்தில், கூச்சப்படுகிற மாணவிக்கு எடுத்துக்கொடுக்கிற மாதிரி, அது எந்த முறை, ஏன் அந்த முறை, பழைய முறையில் என்ன கோளாறு என்றெல்லாம் சொன்னான். சிலர் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார்கள். யாரோ ஒருவர் அவனிடமே அடுத்த கேள்வியைக் கேட்டார். அதற்கும் பதில் சொன்னான். அவள் பெரிய திரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள், கம்பம் நட்டது போல.

போதும் என்று இருந்தது. சத்தியமாகப் போதும்.

“இது நான் செய்யலை” என்றாள் ஆங்கிலத்தில்.

“இதை என் கணவர் செய்தார். என்னிடம் கேட்கவில்லை. என்னுடையதில் ஒரு பெண் இருந்தாள். மெதுவாக நடப்பாள். கோணலாக நடப்பாள். பறவை கொத்தினால் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி நடப்பாள். அதை நான் செய்தேன். ஒவ்வொரு வரியும் நான் எழுதினேன். அதை அழித்துவிட்டார்.” ஆங்கிலம் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. எந்த இன்டர்வியூவிலும் இப்படி வந்ததில்லை.

ஹெலன் வாயில் கை வைத்துக்கொண்டார். நரேன் சிரித்தபடி எழுந்தான். அந்தச் சிரிப்பு மூஞ்சியில் ஒட்டவில்லை.

“ஹரி, உக்காரு. எல்லாரும் பாக்குறாங்க.”

“பாக்கட்டும்.”

“உனக்காகத்தானே பண்ணேன். உன் கேம்தான் அது. உன் பேர்தான் போட்டிருக்கேன், பாரு.”

“எனக்காகத்தானா?”

“உனக்காகத்தான்டி. சத்தியமா.”

“என் கேம்தானா?”

“ஆமாங்கிறேன்ல!”

“சரி. என்னோடத நான் என்ன வேணா பண்ணலாம்.”

லேப்டாப் பக்கம் திரும்பினாள். ஆட்டத்தை நிறுத்தினாள். சுவரில் அவள் செய்வதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தது. மேக்பை என்று பெயரிட்ட மொத்தக் கோப்புறையையும் தேர்ந்தெடுத்து அழிக்கச் சொன்னாள். நிரந்தரமாக அழிக்கவா, திரும்பக் கிடைக்காது என்று ஆங்கிலத்தில் ஒரு கேள்வி, சுவர் அகலத்துக்கு வந்து நின்றது.

“ஏய், ஏய்! ஹரி!” நரேன் நாற்காலிகளை இடித்துக்கொண்டு முன்னால் ஓடிவந்தான். அவன் இப்படிக் கத்தி அவள் கேட்டதே இல்லை. “வேணாம்! பேக்கப் இல்ல!”

ஹரிப்பிரியா கையை எடுக்கவில்லை.

“தள்ளு ஹரி. சொன்னாக் கேளு, தள்ளு. அப்படியெல்லாம் அழிக்கக் கூடாது. அதுல எவ்வளவு உழைச்சிருக்கேன் தெரியுமா? அது என்னோட வேலை!”

அறையில் தமிழ் தெரிந்த இன்னொருத்தி யோகா மட்டும்தான். அவள் “ஓ!” என்றாள், உரக்க.

நரேனின் வாய் திறந்தபடி நின்றது. சொன்னது தன் காதிலும் விழுந்திருக்க வேண்டும். ஹரிப்பிரியா அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“ஆமா நரேன். உங்களோடதுதான்” என்று சொல்லிவிட்டு அழுத்தினாள்.